மகப்பேற்று வரலாறும் சினைப்பைப் புற்றுநோயும்: ஒரு மருத்துவக் கருத்தின் வளர்ச்சிநிலைகள்

முன்னுரை

பெண்ணின் உடல்நலத்தை அவள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையோடு தொடர்புபடுத்திக் காணும் வழக்கம் மிகப் பழைமையானது. பிள்ளைப்பேற்றைப் பேறு என்றும், அஃதின்மையைக் குறை என்றும் கருதிய சமூகங்கள் பல. அக்கருத்து சமயத்திலும் சடங்கிலும் மட்டுமன்றி மருத்துவத்திலும் இடம்பெற்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், குழந்தை பெறாத பெண்களிடையே சினைப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்னும் செய்தி புள்ளிவிவரச் சான்றுகளுடன் நிறுவப்பட்டது. பழைய நம்பிக்கையும் புதிய கணக்கும் மேலோட்டமாக நோக்கின் ஒன்றுபோலத் தோன்றும். ஆயின் இரண்டும் ஒன்றல்ல. மகப்பேற்று வரலாற்றுக்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு எவ்வாறு கண்டறியப்பட்டது, எவ்வாறு விளக்கப்பட்டது, அவ்விளக்கம் எவ்வாறு மாறியது, இந்தியச் சூழலில் அதன் பொருள் யாது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஆய்வுக்குள் புகுமுன் சொல்லாட்சி குறித்துச் சில கூறுதல் பொருந்தும். தமிழில் இவ்வுறுப்பு சினைப்பை, சூலகம், அண்டகம் எனப் பலவாறு சுட்டப்படுகிறது. மருத்துவமனைகளிலும் நாளிதழ்களிலும் 'சினைப்பை' என்பதே பெருவழக்காக உள்ளது. சினை என்பது உறுப்பைக் குறிக்கும் இலக்கணச் சொல்லாகவும், விலங்கின் கருவுற்ற நிலையைக் குறிக்கும் சொல்லாகவும், மீன்முட்டையைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. சூல் என்பது கருவுற்ற நிலையையும் நீர்கொண்ட முகிலையும் ஒருசேரக் குறித்த பழஞ்சொல். இப்பெயர்கள் யாவும் அவ்வுறுப்பைக் கருவுறுதலின் வழியாகவே அறிமுகப்படுத்துகின்றன. அதற்கு நோய் உண்டு என்பதோ, அந்நோய்க்குத் தனி வரலாறு உண்டு என்பதோ பெயரில் புலப்படுவதில்லை. மருத்துவ வரலாற்றிலும் நிலைமை இதுவே. பெண்ணுடல் குறித்த பழைய எழுத்துகளில் கருப்பையே முதலிடம் பெற்றது. சினைப்பை நெடுங்காலம் அதன் நிழலிலேயே இருந்தது.

எண்ணுதற்கு முந்தைய நிலை

கிரேக்க நாட்டில் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்தொகுதியில் மணமாகாத இளம்பெண்களின் நோய்கள் குறித்த சிறுநூல் ஒன்று இடம்பெற்றுள்ளது. மணம்புரிந்து கருவுறுதலே அந்நோய்களுக்கு மருந்து என்பது அதன் கருத்து. இக்கருத்து ஐரோப்பிய மருத்துவத்தில் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. இதற்கு ஆதாரமாக அமைந்தது நோயாளிகளின் கணக்கன்று; பெண்ணின் இயல்பான நிலை தாய்மையே என்னும் முன்முடிவே ஆகும். எனவே இதனை மருத்துவக் கண்டுபிடிப்பாகக் கொள்ளுதல் இயலாது. பிற்காலத்தில் கணக்கின் வழியாகப் பெறப்பட்ட முடிவுகளை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கன்னியர் மடங்களும் இறப்புப் பதிவேடுகளும்

கணக்கை நோக்கிய முதல் நகர்வு இத்தாலியில் நிகழ்ந்தது. தொழில்சார் நோய்களைப் பற்றி முறையாக நூலெழுதிய பெர்னார்டினோ ராமசினி, தம் நூலை 1700இல் வெளியிட்டார். அதன் விரிந்த பதிப்பு 1713இல் வந்தது. சுரங்கத் தொழிலாளர், குயவர், அச்சகத்தார் எனப் பல தொழிலினரின் நோய்களை ஆராய்ந்த அவர், பாலூட்டும் செவிலியரைப் பற்றிக் கூறுமிடத்தில் கன்னியாஸ்திரீகளிடையே மார்பகப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதைக் குறிப்பிட்டார். கருப்பைக்கும் மார்பகத்துக்கும் இடையே உள்ள ஒத்துணர்வே இதற்குக் காரணம் என்பது அவர் தந்த விளக்கம். விளக்கம் பழையது, நோக்குமுறை புதியது. துறவு வாழ்க்கையையும் ஒரு தொழிலாகக் கொண்டு, அதற்குரிய நோய் யாது என அவர் வினவினார்.

வெரோனா நகர மருத்துவர் தோமினிக்கோ ரிகோனி ஸ்டெர்ன் இவ்வினாவை எண்களால் அணுகினார். 1760 முதல் 1839 வரையிலான அந்நகரின் இறப்புப் பதிவேடுகளைத் தொகுத்து, மணமானோர், மணமாகாதோர், கைம்பெண்கள், கன்னியாஸ்திரீகள் எனப் பிரித்து ஆராய்ந்து, தம் முடிவுகளை 1842இல் வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய் கன்னியாஸ்திரீகளிடையே மிகுந்தும், கருப்பைப் புற்றுநோய் அவர்களிடையே குறைந்தும் காணப்பட்டன.

ஒரே பதிவேட்டிலிருந்து கிடைத்த இவ்விரு முடிவுகளும் பின்னாளில் வெவ்வேறு காரணங்களைச் சுட்டுவனவாக அமைந்தன. கருப்பை வாய்ப் புற்றுநோய் உடலுறவின்வழிப் பரவும் பாப்பிலோமா வைரசால் உண்டாவது என்பதை நிறுவியதற்காக ஹரால்டு சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். கன்னியாஸ்திரீகளிடையே அந்நோய் அரிதாயிருந்தமைக்கு இதுவே காரணம். மார்பகப் புற்றுநோயின் மிகுதிக்கோ கருவுறாமையும் பாலூட்டாமையும் காரணங்களாயின. கணக்கு தொடர்பைக் காட்டும். காரணத்தைத் தானே சொல்லாது என்பதற்கு வெரோனாப் பதிவேடு தக்க சான்றாகும்.

சினைப்பை தனித்து அறியப்பட்ட காலம்

இவ்விரு ஆய்வுகளிலும் சினைப்பை இடம்பெறவில்லை. அவ்வுறுப்பின் கட்டிகள் வயிற்றுக்குள் மறைந்து வளர்வன. அவற்றால் வயிறு பெருக்கும்போது கருப்பம் என்றோ நீர்க்கோவை என்றோ பிறழ உணர்தல் இயல்பு. 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எப்ரேயிம் மெக்டவல் என்னும் மருத்துவர் செய்த அறுவை இதனை விளக்கும். ஜேன் கிராஃபர்டு என்னும் பெண்மணி தம்மைக் கருவுற்றவராகவே கருதியிருந்தார். அவரை ஆராய்ந்த மெக்டவல், வயிற்றில் இருப்பது குழந்தையன்று, சினைப்பைக் கட்டி எனக் கண்டார். மயக்க மருந்து அறியப்படாத அக்காலத்தில் ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ள அக்கட்டி அகற்றப்பட்டது. அப்பெண்மணி அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். வயிற்று அறுவை மருத்துவத்தின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி போற்றப்படுகிறது. நோயும் மகப்பேறும் ஒன்றெனக் குழம்பிய நிலையிலிருந்து சினைப்பை நோய் பிரித்தறியப்பட்டமைக்கும் இஃது அடையாளமாகும்.

1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்டறிந்தார். மாதந்தோறும் கருமுட்டை வெளிப்படும் காலம் 1920களில் தெளிவாக வரையறுக்கப்பட்டது. சினைப்பையின் இயக்கம் இவ்வாறு புலப்பட்ட பின்னரே அவ்வியக்கத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டோ என்னும் வினா எழ இயன்றது.

1969இல் அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் 31,000க்கும் மேற்பட்டோரின் இறப்புகளை ஆராய்ந்த ஃப்ரௌமெனி குழுவினர், மார்பகப் புற்றுநோயோடு சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்களாலும் அவர்கள் பிற பெண்களைவிட மிகுதியாக இறந்தனர் எனக் கண்டனர். ராமசினி தொடங்கிய நோக்குமுறை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் சினைப்பையை வந்தடைந்தது எனலாம்.

'ஓய்விலா முட்டை வெளிப்பாடு' என்னும் கொள்கை

1971இல் எகிப்து நாட்டு மகப்பேறு மருத்துவர் மகமூது ஃபத்தல்லா, இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பை எழுதினார். அதன் கருத்து எளிமையானது. ஒவ்வொரு முறை கருமுட்டை வெளிப்படும்போதும் சினைப்பையின் மேற்படலம் கிழிகிறது. பின்னர்ப் புதிய செல்கள் பெருகி அக்கிழிசல் ஆறுகிறது. கிழிதலும் ஆறுதலும் இடைவிடாது நிகழுமாயின் செல் பெருக்கத்தில் பிழை நேரும் வாய்ப்பும் கூடும். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் முட்டை வெளிப்பாடு தடைப்படுவதால் சினைப்பைக்கு ஓய்வு கிடைக்கிறது. ஓய்வு பெறாத சினைப்பையே நோய்க்கு ஆளாகிறது என்பது அவர் முன்வைத்த கொள்கை. இடைவிடாது முட்டையிடுமாறு வளர்க்கப்படும் வீட்டுக்கோழியிடம் இப்புற்றுநோய் தானாகவே தோன்றுவது இக்கொள்கைக்குத் துணைச்சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது.

இக்கொள்கையின் சிறப்பு அது வினாவை மாற்றியமைத்தமையாகும். 'இப்பெண் தாயானாளா?' என்பது பழைய வினா. 'இச்சினைப்பை எத்தனை முறை முட்டையை வெளிப்படுத்தியது?' என்பது புதிய வினா. முன்னது பெண்ணின் நிலையைப் பற்றியது. பின்னது உறுப்பின் உழைப்பைப் பற்றியது. தாய்மைக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட காப்பினை வேறு வழிகளாலும் பெற இயலும் என்பது இம்மாற்றத்தின் விளைவாகும்.

இவ்வுழைப்பின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 13 வயதில் பூப்பெய்தி 50 வயதில் மாதவிடாய் நிற்கும் பெண் ஒருவருக்கு, ஆண்டுக்கு 13 சுழற்சி எனக் கொண்டால், 37 ஆண்டுகளில் 481 முறை முட்டை வெளிப்படும். அவர் ஆறு குழந்தைகளைப் பெற்று, ஒவ்வொரு பேற்றிலும் கருவுற்ற காலமும் பாலூட்டலால் முட்டை தடைப்பட்ட காலமும் சேர்ந்து 27 மாதங்கள் எனக் கொண்டால், பதின்மூன்றரை ஆண்டுகள் கழிந்து எண்ணிக்கை ஏறத்தாழ 305 ஆகும். இரண்டு குழந்தைகளைப் பெற்று ஒவ்வொன்றுக்கும் 15 மாதங்களே ஓய்வு கிடைத்தால் எண்ணிக்கை ஏறத்தாழ 450 ஆகும். ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே சினைப்பையின் உழைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கூடிவிடுவதை இக்கணக்கு உணர்த்தும்.

ஃபத்தல்லாவின் பிற்கால வாழ்க்கையும் கருதத்தக்கது. பேறுகால இறப்புகளைக் குறைப்பதற்கான உலகளாவிய முயற்சிகளில் முன்னின்றவர்களுள் அவர் ஒருவர். பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் தலைவராகவும் விளங்கினார். கருவுறுதல் ஒரு புற்றுநோய்க்கு எதிரான காப்பு எனக் கூறியவரே, கருவுறுதலால் பெண்கள் இறப்பதைத் தடுக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். தம் கொள்கையை அவர் பல பிள்ளை பெறுமாறு கூறும் அறிவுரையாகக் கொள்ளவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கணக்கும் மாத்திரையும்

1970களின் இறுதியில் இக்கொள்கை பெருந்தொகைக் கணக்குகளால் சோதிக்கப்பட்டது. 1978இல் வலேரி பெரல் குழுவினர், தலைமுறைவாரியாகச் சராசரிக் குடும்ப அளவையும் சினைப்பைப் புற்றுநோய் இறப்பையும் ஒப்பிட்டனர். குடும்ப அளவு சிறுத்த தலைமுறையில் இறப்பு மிகுந்தும், பெருத்த தலைமுறையில் குறைந்தும் இருந்தமை தெரியவந்தது. பல நாடுகளை ஒப்பிட்டபோதும் இவ்வுறவே வெளிப்பட்டது. 1979இல் காசகிராண்டே குழுவினர், கருவுற்ற காலத்தையும் கருத்தடை மாத்திரை உண்ட காலத்தையும் ஒன்றாகக் கூட்டிக் 'காப்புக் காலம்' எனக் கணக்கிட்டனர். அக்காலம் நீள நீள நோய் குறைந்தது.

அமெரிக்காவில் 1960இல் கருத்தடைக்கென ஒப்புதல் பெற்ற மாத்திரை, முட்டை வெளிப்பாட்டைத் தடுப்பதன் வாயிலாகச் செயற்படுவது. எனவே கொள்கை சரியாயின், கருவுறாமலே மாத்திரையால் காப்புக் கிடைத்தல் வேண்டும். 2008இல் 21 நாடுகளின் 45 ஆய்வுகளை ஒருங்கிணைத்து வெளிவந்த கூட்டாய்வு இதனை உறுதிப்படுத்தியது. நோயுற்ற பெண்கள் 23,257 பேரும் நோயற்ற பெண்கள் 87,303 பேரும் அதில் இடம்பெற்றனர். மாத்திரை உண்ட ஒவ்வோர் ஐந்தாண்டுக்கும் நோய் இடர் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. உண்பதை நிறுத்தி முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் காப்பின் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. அதுவரை உலகில் ஏறத்தாழ 2,00,000 பேருக்கு இந்நோய் வராமல் தடுக்கப்பட்டிருக்கும் எனவும், 1,00,000 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கும் எனவும் அக்குழுவினர் மதிப்பிட்டனர்.

எனினும் இதே ஆய்வின் மற்றோர் எண் அடிக்கடி மறக்கப்படுகிறது. மாத்திரையைப் பத்தாண்டுகள் உண்பதால் 75 வயதுக்குள் இந்நோய்க்கு ஆளாவோர் நூற்றுக்கு 1.2 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைகின்றனர். அதாவது காப்பு எதுவும் பெறாதவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் இந்நோய் வருவதில்லை. மேலும் மாத்திரை இருமுனை உடையது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2005இல் கூட்டு ஹார்மோன் மாத்திரையை மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் ஆகியவற்றில் புற்றுநோய்க் காரணியாகவும், சினைப்பையிலும் கருப்பை உட்படலத்திலும் காப்பாகவும் வகைப்படுத்தியது.

2011இன் இறுதியில் காரா பிரிட், ரோஜர் ஷார்ட் ஆகியோர், கன்னியாஸ்திரீகளுக்கு நோய்த்தடுப்பு நோக்கில் இம்மாத்திரை கிடைக்கச் செய்யலாம் என லான்செட் இதழில் எழுதினர். செயற்கைக் கருத்தடையை மறுத்த 1968ஆம் ஆண்டுப் போப்பாண்டவர் மடல் நோய் நீக்கத்துக்கான மருத்துவத்தை விலக்கவில்லை என்பதும் அவர்களால் எடுத்துக்காட்டப்பட்டது. கன்னியர் மடத்தில் தொடங்கிய வினா மீண்டும் கன்னியர் மடத்துக்கே விடையாகத் திரும்பியது.

கொள்கையின் போதாமை

ஃபத்தல்லாவின் கொள்கை பல உண்மைகளை விளக்கினும் அனைத்தையும் விளக்கவில்லை. ஒருமுறை கருவுறுதலால் தவிர்க்கப்படும் முட்டை வெளிப்பாடு ஏறத்தாழப் பத்து. இது வாழ்நாள் எண்ணிக்கையில் இரண்டு விழுக்காட்டளவே. ஆயின் ஒரு பேற்றால் ஏற்படும் நோய்க் குறைவு அந்த இரு விழுக்காட்டைப் பன்மடங்கு விஞ்சுகிறது. எனவே கருவுற்ற கால ஹார்மோன்களின் செயலும் கருதப்படல் வேண்டும் என்பர் ஆய்வாளர். பாலூட்டிய தாயரிடையே இடர் 24 விழுக்காடு குறைவு என 2020இல் வெளிவந்த கூட்டாய்வும் இவ்விளக்கங்களை மீண்டும் எண்ணிப்பார்க்கத் தூண்டியது.

இதனினும் பெரிய மாற்றம் நோயின் பிறப்பிடம் பற்றியது. மேரி கிளேர் கிங் 1990இல் பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்குரிய மரபணுவின் இருப்பிடத்தைச் சுட்டினார். அம்மரபணு 1994இல் பிரித்தறியப்பட்டுப் பிஆர்சிஏ 1 எனப் பெயர் பெற்றது. இதில் பிறழ்வுடைய பெண்களுக்கு 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் என 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று கணித்தது. இத்தகையோர் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட உறுப்புகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, தொடக்கநிலை மாற்றங்கள் கருக்குழாயில் இருப்பதைக் கண்டு 2001இல் அறிவித்தனர். இறப்புக்குப் பெரிதும் காரணமான சீரச வகைப் புற்றுநோய் பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில் தோன்றிச் சினைப்பைக்குப் பரவுகிறது என்பது இன்று பலராலும் ஏற்கப்பட்ட கருத்தாகும்.

இதனால் பழைய புதிரொன்றும் தெளிவுற்றது. கருக்குழாயைக் கட்டும் கருத்தடை அறுவை முட்டை வெளிப்பாட்டை நிறுத்துவதில்லை. ஆயினும் அவ்வறுவை செய்துகொண்டோரிடம் இந்நோய் குறைவாயிருந்ததை 1993இல் அமெரிக்கச் செவிலியர் ஆய்வு காட்டியது. நோய் கருக்குழாய் வழியாக வருவதாயின் இக்குறைவு வியப்பன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநில மருத்துவர்கள் 2010 முதல், கருப்பை அறுவையின்போதும் கருத்தடை அறுவையின்போதும் கருக்குழாயை முழுமையாக நீக்குமாறு பரிந்துரைத்தனர். அவ்வாறு நீக்கப்பட்டவர்களிடையே ஏறத்தாழ ஐவருக்குச் சீரசப் புற்றுநோய் எதிர்பார்க்கப்பட்ட நிலையில் ஒருவருக்கும் அது பதிவாகவில்லை என 2022இல் வெளிவந்த முதற்கட்ட ஆய்வு தெரிவித்தது.

இந்தியச் சூழல்

மேற்கூறிய ஆய்வுகள் பெரிதும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் களமாகக் கொண்டவை. இந்தியாவில் புற்றுநோய்க் கணக்கெடுப்பு 1963இல் பம்பாய்ப் பதிவேட்டுடன் தொடங்கியது. 1970இல் ஜுசாவாலா குழுவினர் அந்நகரின் பார்சி சமூகத்தையும் மொத்த மக்களையும் ஒப்பிட்டனர். பார்சிப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மிகுந்தும் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்தும் காணப்பட்டன. காலந்தாழ்ந்த மணமும் சிறுகுடும்பமும் உடைய சமூகம் அது. வெரோனாக் கன்னியர் மடங்கள் காட்டிய அதே வடிவத்தைப் பம்பாயில் துறவறம் பூணாத ஒரு சமூகம் காட்டியது குறிப்பிடத்தக்கது. 1981இல் தொடங்கிய தேசியப் பதிவேட்டுத் திட்டம் பெங்களூர், பம்பாய், சென்னை நகரங்களின் கணக்குகளை ஒரே முறைமைக்குள் கொணர்ந்தது. 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 47,000 பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 33,000 பேர் இறந்தனர். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றை அடுத்து இது மூன்றாமிடம் பெறுகிறது.

இந்தியாவின் மகப்பேற்று வரலாறு இக்காலத்தில் பெரிதும் மாறியது. 1950களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஆறு குழந்தைகள் பிறந்தன. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி இவ்வெண் 1992–93இல் 3.4 ஆகவும், 2019–21இல் 2.0 ஆகவும் குறைந்தது. முன்னர்க் காட்டிய எடுத்துக்காட்டின் இரு பெண்களும் இந்நாட்டில் பாட்டியும் பேத்தியும் ஆவர்.

இம்மாற்றம் மேலைநாடுகளில் நிகழ்ந்தவாறு மாத்திரையால் நிகழவில்லை. 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற இந்தியா நாளடைவில் அறுவையையே பெரிதும் சார்ந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77இல், எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நிகழ்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அதனால் எழுந்த மக்கள் சினத்துக்குப் பின் அச்சுமை முழுவதும் பெண்கள்மீது இறங்கியது. 2019–21இல் மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையைச் சார்ந்தோர் 0.3 விழுக்காட்டினர்; மாத்திரை உண்போர் 5.1 விழுக்காட்டினர் மட்டுமே. இலக்னோ மத்திய மருந்தாய்வு நிறுவனம் உருவாக்கி 1991இல் 'சஹேலி' என்னும் பெயரில் வெளிவந்த ஹார்மோன் சாரா மாத்திரையும் முட்டை வெளிப்பாட்டைத் தடுக்கும் முறையில் செயற்படுவதன்று. எனவே 2008ஆம் ஆண்டுக் கூட்டாய்வின் முடிவை அம்மாத்திரைக்கும் உரியதாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இந்தியப் பெண்கள் பெரும்பாலும் இருபத்தைந்து வயதளவில் கருக்குழாய் அறுவைக்கு உட்படுகின்றனர். அதன்பின் அவர்களின் சினைப்பைக்குக் கருவுறுதலாலோ மாத்திரையாலோ ஓய்வில்லை. மறுபுறம், கருக்குழாய் அடைக்கப்பட்டமையால் ஓரளவு காப்பு உண்டு. எதிரெதிரான இவ்விரு விளைவுகளும் ஒரே உடலில் கூடுவது இந்திய மகப்பேற்று வரலாற்றின் தனித்தன்மையாகும். மேலைநாட்டுக் கணக்கை அப்படியே இங்குப் பொருத்த இயலாமைக்கு இதுவே முதன்மைக் காரணம். இவ்வறுவைக்கு அப்பெண்கள் உட்பட்டபோது பிறப்பு எண்ணிக்கை மட்டுமே கருதப்பட்டது. அவர்களின் பிற்கால நோய் பற்றிய எண்ணம் எவரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டதும், அதனையொட்டிப் பதின்மூன்று பெண்கள் இறந்ததும் இப்போக்கின் துயர உச்சமாகும். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு 2016 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

எண்ணும் பழியும்

நோய் இடர் குறித்த அறிவு சமூகத்துள் நுழையும்போது இரு வகையில் திரிபடைகிறது. முதலாவது, பழிப்பாகத் திரிதல். குழந்தையில்லாத பெண்ணுக்கு நம் சமூகம் சூட்டியுள்ள வசைச்சொற்கள் பல. 'பெறாததால் வந்த நோய்' என்பது அவ்வரிசையில் அறிவியலின் பெயரால் சேர்க்கப்படும் புதிய வசையாகிவிடக் கூடும். ஆயிரக்கணக்கானோரின் சராசரியிலிருந்து பெறப்பட்ட விகிதம் தனியொருத்தியின் நோய்க்குக் காரணம் கூற உதவாது. பல பிள்ளை பெற்ற தாயரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். பெறாதவருள் மிகப் பலர் ஆளாவதில்லை. மேலும் மகப்பேறே காப்பு எனக் கூறுவோர் மகப்பேற்றின் விலையை மறக்கலாகாது. இந்தியாவில் ஓரிலட்சம் பிறப்புக்கு 2001–03இல் 301 தாயர் இறந்தனர். 2018–20இல் 97 பேர் இறந்தனர். இக்குறைவுக்குச் சிறுகுடும்பமும் ஒரு காரணமாகும்.

இரண்டாவது, அச்சமாகத் திரிதல். 'பிள்ளை பெற்றாயிற்று, இனி இவ்வுறுப்பு எதற்கு? வைத்திருந்தால் புற்றுநோய் வரும்' என அச்சுறுத்திக் கருப்பையும் சினைப்பையும் நீக்கப்பட்ட பெண்கள் பலர். மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தின் கரும்பு வெட்டும் தொழிலாளப் பெண்களிடையே இவ்வறுவை மிகுந்திருந்தமை 2019இல் நாடறிந்த செய்தியாயிற்று. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் ஏற்குமாறு 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் பணித்தது. சினைப்பைகளை நீக்கியவர்களுக்கு அப்புற்றுநோய் குறையினும் இதயநோயும் மொத்த இறப்பும் மிகுந்தன என 2009இல் அமெரிக்கச் செவிலியர் ஆய்வு காட்டியது. சினைப்பையின் பணி பிள்ளைப்பேற்றோடு முடிந்துவிடுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

இதற்கிடையே, நோயை முன்கூட்டிக் கண்டறியும் முயற்சியும் பயன்தரவில்லை. பிரிட்டனில் 2,02,638 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, ஆண்டுதோறும் செய்யும் சோதனையால் இறப்பு குறையவில்லை என 2021இல் முடிவுரைத்தது. ஆகவே ஒருவரின் மகப்பேற்று வரலாற்றையும் குடும்ப நோய் வரலாற்றையும் கேட்டறிதல் இன்றும் முதன்மை பெறுகிறது. அவ்வாறு கேட்கப்படும் வினா பெண்ணின் நலம் கருதியதாக இருத்தல் வேண்டும். அவளை எடைபோடும் வினாவாக இருத்தல் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மகப்பேறின்மையை நோயோடு இணைத்த பழைய கருத்து முன்முடிவின்பாற்பட்டது. ராமசினி, ரிகோனி ஸ்டெர்ன் ஆகியோர் தொடங்கிய கணக்குமுறை அதனின்றும் வேறானது.

1971இல் ஃபத்தல்லா முன்வைத்த கொள்கை, தாய்மை என்னும் நிலையிலிருந்து முட்டை வெளிப்பாடு என்னும் உடல்நிகழ்வுக்கு வினாவை மாற்றியது. 2001க்குப் பின் அவ்வினா சினைப்பையிலிருந்து கருக்குழாய்க்கு நகர்ந்தது.

பிள்ளைப்பேறு குறைந்தும், மாத்திரை பரவாமலும், கருக்குழாய் அறுவை மிகுந்தும் அமைந்த இந்தியப் பெண்களின் வரலாறு தனித்தன்மை உடையது. அதற்கெனத் தனிக் கணக்கு தேவைப்படுகிறது.

விகிதங்கள் மக்கள்தொகைக்கு உரியவை. தனியொரு பெண்ணைப் பழிக்கவோ அச்சுறுத்தவோ அவை கருவியாதல் கூடாது.

கன்னியர் மடங்களின் இறப்பேடுகளில் பெயரின்றி எண்களாக நின்ற பெண்களே இவ்வறிவுக்கு மூலமாவர். அவர்களிடமிருந்து பெற்ற அறிவு இன்று வாழும் பெண்களுக்குத் தேர்வுரிமையாகத் திரும்பும்போதே அவ்வரலாறு நிறைவுபெறும் எனலாம்.